அடுக்களைக்குள் ஒரு தீவு

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத் தீவிலேயே வீட்டை வைத்துக்கொண்டு, அந்த வீட்டிற்குள் வைப்பதற்கு இன்னொரு தீவைத் தேடி அலைந்தவர்கள் இவ்வுலகில் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்க வேண்டும். உடன்பிறந்தோர் மூவர் கூடி, அம்மா வசிக்கும் குடும்ப வீட்டின் அடுக்களையைப் புதுப்பிப்பது என்று தீர்மானித்தபோது, வரைபடம் போட வந்த இளைஞர் அறையின் நடுவே ஒரு நீள்சதுரத்தை வரைந்து 'ஐலண்ட்' என்று எழுதினார். நான்கு பக்கமும் சுவரைத் தொடாமல், தனித்து நிற்கும் ஒரு மேடை. ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். இப்போது எல்லாரும் இதைத்தான் விரும்புகிறார்கள் என்றார்.

எல்லாரும் விரும்புவது என்ற சொல்லைக் கேட்டதும், 'எப்போதிலிருந்து?' என்று கேட்கத் தோன்றுவது வரலாற்று ஆர்வலர்களின் நோய். அன்றிரவே நூல்களைப் புரட்ட ஆரம்பித்தோம். கோயிலுக்குப் போனால் மடைப்பள்ளியை எட்டிப் பார்க்காமல் திரும்பாத நாங்கள், எங்கள் வீட்டு அட்டிலைப் பற்றி இதுநாள் வரை ஒரு கேள்வியும் கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா நாற்பது ஆண்டுகளாகக் கிழக்குச் சுவரைப் பார்த்து நின்று சமைத்தவர். எங்களில் எவருக்கேனும் அடுக்களையில் அம்மாவை நினைத்துப் பார்த்தால் நினைவில் எழுவது அவரது முதுகுதான்!

தீவு என்று இன்று சொல்லப்படுவது புதிய கண்டுபிடிப்பு அன்று. அது பழைய மேசையின் மறுபிறப்பு. வேலையாட்கள் நிறைந்த ஐரோப்பியப் பெருவீடுகளின் சமையற்கூடங்களில் நடுவே ஒரு பெரிய மரமேசை இருந்தது. சுவரோரங்களில் அடுப்புகள், நடுவில் மேசை. அதைச் சூழ்ந்து பலர் நின்று மாவு பிசைந்தனர், இறைச்சி வெட்டினர், காய் நறுக்கினர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்வதற்கான அமைப்பு அது.

இவ்வகை மேசைகளில் மிகவும் புகழ்பெற்ற ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இலண்டனில் சார்லஸ் பாரி வடிவமைத்த ரிஃபார்ம் கிளப்பின் கட்டடம் 1841ல் திறக்கப்பட்டது. அதன் சமையற்கூடத்தை உருவாக்கியவர் பிரான்சிலிருந்து வந்த அலெக்ஸி சுவாயே. 1837 முதல் 1850 வரை அங்கே தலைமைச் சமையற்காரராக இருந்தவர். எரிவாயு அடுப்பில் சமைப்பதை அந்நாளிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். அவரது கூடத்தின் நடுவே பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட ஓர் எல்ம் மர மேசை இருந்தது. பன்னிரண்டும் சம அளவினவல்ல. வேலை செய்பவர் ஒவ்வொருவருக்கும் தன் வேலைக்கேற்ற விளிம்பு கிடைக்கும்படி வெட்டப்பட்டவை. கூரையைத் தாங்கும் தூண்கள் அம்மேசையை ஊடுருவிச் சென்றன. அத்தூண்களையும் சுவாயே வீணாக்கவில்லை! அவற்றைச் சுற்றிச் சிறு செப்புப் பெட்டிகளை அமைத்து, உப்பு, மசாலைப் பொருட்கள், நறுக்கிய கீரைகள், ரொட்டித்தூள் என்று கைக்கெட்டும் தொலைவில் வைத்தார். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் தூணில் சுற்றிக் கட்டியதுபோல என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அக்கூடத்தைப் பார்ப்பதற்கென்றே பெருமக்கள் வந்தனர். அதன் படம் அச்சிடப்பட்டு விற்பனையானது.

இதே சுவாயேதான் அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தின்போது 1847ல் டப்ளினுக்குச் சென்று ஏழைகளுக்கான கஞ்சிக்கூடத்தை அமைத்தவர். 1855ல் கிரிமியப் போர்முனைக்குச் சென்று படைவீரர்களின் உணவைச் சீர்திருத்தியவர். அவர் வடிவமைத்த களஅடுப்பைப் பிரித்தானியப் படை நூறாண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தியது. தமிழில் யாரேனும் இவரைப் பற்றித் தனியாக எழுதலாம்.

சரி, கதைக்கு வருவோம். சுவாயேவின் மேசை, சம்பளம் வாங்கும் பலர் கூடி உழைத்த இடம். ஆளில்லாத வீட்டில், ஒரே ஒரு பெண் அத்தனை வேலையையும் செய்யவேண்டும் என்றால் என்ன ஆகும்? இக்கேள்வியை நேராக எதிர்கொண்டவர் அமெரிக்காவின் கேதரின் பீச்சர். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் தமக்கை. சகோதரிகள் இருவரும் சேர்ந்து 1869ல் வெளியிட்ட 'தி அமெரிக்கன் உமன்ஸ் ஹோம்' என்ற நூலில் ஓர் அடுக்களையின் வரைபடம் இருக்கிறது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முன்மாதிரி பெருவீட்டுக் கூடமன்று, நீராவிக்கப்பலின் சமையலறை! இருநூறு பேருக்குச் சமைக்கும் கப்பல் சமையற்காரருக்கு எல்லாப் பொருளும் ஓரிரு எட்டில் கிடைக்கும்போது, வீட்டுப் பெண் மட்டும் ஏன் நாளெல்லாம் நடக்கவேண்டும் என்பது அவர்களது வாதம்.

எனவே மேசை நடுவிலிருந்து கிளம்பிச் சுவரோரம் போனது. சாளரத்தின் வெளிச்சத்தில் மாவுத்தொட்டி, பிசையும் பலகை, கழுவுதொட்டி, பாத்திரம் வடியும் தட்டு ஆகியவை ஒரே வரிசையில் அமைந்தன. நாம் இன்று 'சமையல் மேடை' என்று சொல்லும் தொடர்ச்சியான தளத்தின் மூலவடிவங்களுள் இது முக்கியமானது. அடுப்பை மட்டும் அவர்கள் கண்ணாடி பதித்த இழுப்புக்கதவுகளுக்கு அப்பால் தனியறையில் வைத்தார்கள். வெப்பமும் வாடையும் வீட்டிற்குள் பரவக்கூடாது என்பது காரணம். இந்தக் குறிப்பைப் படித்தபோது எங்களுக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. எங்கள் இளைஞரின் வரைபடத்தில் அடுப்பு தீவின் மேல்தான் இருந்தது. மிளகாய் வற்றல் தாளிக்கும் வீட்டில் அடுப்பைக் கொண்டுபோய்க் கூடத்துக்கு நடுவே வைத்தால், தும்மலோடுதான் விருந்தினரை வரவேற்கவேண்டும். 1869லேயே தீர்ந்துபோன விஷயம் என்று சொல்லி, அடுப்பைச் சுவரோரத்திற்கே திருப்பி அனுப்பினோம்.

கேதரின் பீச்சர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதையும் எதிர்த்தார். வீடே பெண்ணின் அரசு என்று நம்பி, அவ்வரசுக்குச் சட்டம் எழுதியவர் தமக்கென ஒரு குடும்பம் அமைத்துக்கொண்டவரல்லர். அடுக்களையின் வரலாறு இத்தகைய முரண்களால் நிறைந்தது. இன்னும் சிலவற்றைப் பார்க்கப்போகிறோம்.

1911ல் ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லரின் அறிவியல்முறை மேலாண்மை பற்றிய நூல் வெளிவந்தது. தொழிற்சாலையில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்து, வீண் அசைவுகளைக் களைவது அதன் சாரம். அடுத்த ஆண்டே கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற பெண்மணி இதனைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் தொடராக எழுதினார். பாத்திரம் கழுவுவதில் மட்டும் எண்பது தவறான அசைவுகளைத் தாம் ஆண்டுக்கணக்கில் செய்து வந்ததாக அவர் கணக்கிட்டார். பொருள்களின் இடம் மாறினால் நடை எப்படிக் குறையும் என்பதைக் கோடுகள் போட்ட வரைபடங்களால் காட்டினார். அவருடைய நூல் ஜெர்மன் மொழிக்குப் போனது. அங்கே அதைப் படித்தவர்களுள் ஒருவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி.

1897ல் வியன்னாவில் பிறந்த இவர், ஆஸ்திரியாவின் முதற்பெண் கட்டடக்கலைஞர்களுள் ஒருவர். முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் நிலவிய கடும் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க, ஃபிராங்ஃபர்ட் நகரம் எர்ன்ஸ்ட் மேயின் தலைமையில் தொழிலாளர் குடியிருப்புகளை ஆயிரக்கணக்கில் எழுப்பியபோது, அவற்றுக்கான அடுக்களையை வடிவமைக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. 1926ல் உருவான 'ஃபிராங்ஃபர்ட் அடுக்களை' ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. இவருக்கு முன்மாதிரி, இரயில் வண்டியின் உணவுப்பெட்டி. கப்பலிலிருந்து இரயிலுக்கு வந்துவிட்டோம்!

அந்தச் சிற்றறைக்குள் இருந்தவை வியக்கவைப்பவை. அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், கொட்டுவதற்கு வாகான மூக்குடன். மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி. ஓக் மரத்தின் தன்மை புழுவை அண்டவிடாது என்பதற்காக. வெட்டுபலகை பீச் மரத்தில். அலமாரிகளுக்கு நீலப்பச்சை வண்ணம். ஈக்கள் அந்நிறத்தை விரும்பா என்று அப்போது கருதினர். உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்றைய 'மாடுலர் கிச்சன்' அனைத்துக்கும் பாட்டி என்று இதனைச் சொன்னால் மிகையில்லை.

ஆனால் இந்தப் பாட்டியின் வீட்டில் இருவர் நிற்கமுடியாது. குறுகலான அந்த அறையில் ஒருத்தி மட்டுமே இயங்க முடியும். குழந்தைகள் கூடத்தில் விளையாடுவதைப் பார்க்க இழுப்புக்கதவு இருந்தது உண்மைதான். எனினும் கையொத்தாசைக்கு மகளோ கணவனோ உள்ளே வந்தால் இடிக்கும். நடையைக் குறைத்த அதே கணக்கு, துணையையும் குறைத்துவிட்டது. பிற்காலத்துப் பெண்ணியர் இவ்வடுக்களையைச் சாடியது இதனால்தான். வடிவமைத்தவரின் நோக்கமோ நேர்மாறானது. வீட்டுவேலையை விரைவில் முடித்துவிட்டால் பெண்ணுக்குத் தன் தொழிலுக்கும் ஓய்வுக்கும் நேரம் கிடைக்கும் என்றே அவர் எண்ணினார். இதை வடிவமைக்கும்வரை தாம் சமைத்ததே இல்லை என்றும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்!

அவரது வாழ்க்கை இந்த ஓர் அறைக்குள் அடங்குவதன்று. நாஜிகளுக்கு எதிரான தலைமறைவு இயக்கத்துக்காக இஸ்தான்புல்லிலிருந்து தாயகம் திரும்பியவர், 1941 ஜனவரியில் வியன்னாவில் இரகசியக் காவல்துறையிடம் பிடிபட்டார். பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை. 1945ல் போர் முடிவுக்கு வந்தபோதுதான் விடுதலை. 2000 ஜனவரியில், 103ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருக்கையில் மறைந்தார். உலகம் தம்மிடம் அடுக்களையை மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தது அவருக்கு இறுதிவரை எரிச்சலூட்டியது. நாங்களும் அப்பிழையைத்தான் செய்கிறோம் என்பது தெரிகிறது. மன்னிப்பாராக.

இதே காலத்தில் அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் வேறொரு திசையில் போய்க்கொண்டிருந்தார். கணவர் ஃபிராங்குடன் சேர்ந்து தொழிற்சாலை அசைவுகளை ஆராய்ந்த பொறியியலாளர் அவர். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். 1924ல் கணவர் திடீரென மறைந்ததும், பெண் பொறியியலாளரை ஏற்கத் தயங்கிய நிறுவனங்கள் விலகின. பிழைப்புக்கு வழி? பெண்ணுக்கு அடுக்களை தெரியும் என்றுதானே உலகம் நம்புகிறது, அங்கேயே நுழைவோம் என்று நுழைந்தார். புரூக்லின் எரிவாயு நிறுவனத்திற்காக அவர் அமைத்த மாதிரி அடுக்களை 1929ல் காட்சிக்கு வந்தது. ஒரு ஸ்ட்ராபெரி கேக்கைச் செய்ய முன்பு 281 எட்டுகள் நடக்கவேண்டியிருந்தது, அங்கே 45 எட்டுகளே போதும் என்று நிறுவினார். அவரது அமைப்பில் எங்களைக் கவர்ந்தது சக்கரம் வைத்த ஒரு தள்ளுமேசை. தேவையானபோது அருகில் இழுத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது தள்ளிவிடலாம். மிதக்கும் தீவு! மேடையின் உயரம் நிற்பவரின் உயரத்துக்குத் தக்கபடி அமையவேண்டும் என்று வலியுறுத்தியவரும் இவரே. (இவரும் வீட்டில் சமைப்பவரல்லர் என்பதை வாசகர்கள் இந்நேரம் ஊகித்திருப்பார்கள்.) 1965ல் அமெரிக்கத் தேசியப் பொறியியற் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண் என்ற பெருமையும் அவருக்கு உரியது.

மேசை நடுவுக்குத் திரும்பிய கதையை விரைவாகவே சொல்லிவிடலாம். 1937ல் கட்டிமுடிக்கப்பட்ட ஜேக்கப்ஸ் இல்லத்தில் ஃபிராங்க் லாய்டு ரைட் அடுக்களையை வீட்டின் மையத்தில், உண்ணுமிடத்தை ஒட்டித் திறந்தபடி வைத்தார். அதற்கு அடுக்களை என்ற பெயரைக்கூட விட்டுவிட்டு 'வேலையிடம்' என்று பெயரிட்டார். பணிப்பெண் இல்லாத வீட்டில் இல்லத்தரசியை மறைத்துவைக்க வேண்டிய தேவை என்ன என்பதே அதன் உட்பொருள். 1940களில் இலினாய் பல்கலைக்கழகத்தின் சிறுவீடுகள் ஆய்வுமன்றம், அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் 'வேலை முக்கோண'த்தைப் பரப்பியது. மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 26 அடிக்கு மேற்படலாகாது என்பது விதி. 1959 ஜூலையில் மாஸ்கோ கண்காட்சியில் நிக்சனும் குருஷேவும் ஒரு மாதிரி அடுக்களையில் நின்றுகொண்டுதான் முதலாளியமா பொதுவுடைமையா என்று வழக்காடினார்கள். சமைப்பவர் எவரும் அந்த வாதத்தில் பேசவில்லை.

1963ல் ஜூலியா சைல்டின் 'தி ஃபிரெஞ்ச் செஃப்' பாஸ்டன் தொலைக்காட்சியில் தொடங்கியது. சமைப்பவர் முதுகைக் காட்டினால் நிகழ்ச்சி நடக்குமா? மேடைக்குப் பின்னால் நின்று, பார்ப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே சமைத்தார். அந்த நிற்கும் கோலம் பல அமெரிக்க வீடுகளுக்குள் புகுந்தது என்பது எங்கள் கருத்து. அவருடைய சொந்த அடுக்களையோ தீவில்லாதது. நடுவில் ஒரு சாதாரணச் சாப்பாட்டு மேசைதான் இருந்தது. ஆறடி இரண்டங்குல உயரம் கொண்ட அவருக்காகக் கணவர் பால் மேடைகளை 38 அங்குலத்துக்கு உயர்த்தியிருந்தார். 2001ல் அந்த அடுக்களை மொத்தமும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் பெயர்ந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு ஞாயிறன்று அளவுநாடாவும் சுண்ணக்கட்டியுமாக அடுக்களைக்குள் இறங்கினோம். அறை பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். கிழக்குச் சுவரோர மேடைக்கு இரண்டடி போக, எஞ்சுவது எட்டடி. நடுவே மூன்றடித் தீவை வைத்தால் இருபுறமும் இரண்டரை அடிதான், அதாவது 30 அங்குலம். ஒருவர் சமைக்கும் இடைவழிக்கே 42 அங்குலம், இருவர் என்றால் 48 அங்குலம் வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியச் சமையலறை, குளியலறைச் சங்கத்தின் வழிகாட்டுதல். தரையில் சுண்ணத்தால் கோடு போட்டு, அம்மாவின் கையில் வெற்றுக் குழம்புச்சட்டியைக் கொடுத்து நடக்கச் சொன்னோம். குளிர்பெட்டியைத் திறந்தபோது, அம்மா அதன் கதவுக்கும் கோட்டுக்கும் நடுவே சிக்கி நின்றார்.

"இது தீவு இல்லப்பா, தடுப்புச்சுவர்," என்றார்.

வரைந்த இளைஞர் தளரவில்லை. அப்படியானால் இரண்டடி அகலம் போதும், கருங்கல் பதித்து நிரந்தரமாகக் கட்டிவிடலாம் என்றார். தம்பிக்கும் அதில் ஆசை. வீட்டின் மதிப்பு கூடுமாம். அக்கா சம்மதிக்கவில்லை. யார் சமைக்கிறாரோ அவர்தாம் சொல்லவேண்டும் என்றார். அதன்பிறகுதான், வெட்கத்தோடு எழுதுகிறோம், அம்மாவிடம் என்ன வேண்டும் என்று முதன்முறையாகக் கேட்டோம்.

அம்மா கேட்டவை இரண்டு. மேற்குச் சுவரில் கூடத்தைப் பார்க்க ஒரு திறப்பு. இன்னொன்று, உட்கார்ந்து காய் நறுக்க ஓர் இடம். நாற்பதாண்டு தரையில் அமர்ந்து அரிவாள்மணையில் நறுக்கியவருக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. நின்றுகொண்டு கத்தியால் நறுக்கப் பழகவும் மனமில்லை. இதை அவர் எங்களிடம் முன்பே சொல்லியிருக்கக்கூடும். நாங்கள்தான் கூடத்தில் இருந்தோமே!

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது கில்பிரெத் அம்மையாரின் வழி. நான்கடி நீளம், இரண்டடி அகலத்தில் தேக்குமர மேசை. கீழே இரண்டு தட்டுகள். நான்கு சக்கரங்கள், அவற்றில் இரண்டுக்குப் பூட்டு. உயரத்துக்கு எந்த நாட்டுச் சராசரியையும் பார்க்கவில்லை. அம்மாவை நிற்கவைத்துத் தரையிலிருந்து முழங்கை வரை அளந்தோம்: 36 அங்குலம். அதிலிருந்து ஐந்தங்குலம் கழித்து 31 என்று தச்சரிடம் சொன்னோம். மேற்குச் சுவரில் ஐந்தடி அகலத்துக்குத் திறப்பு. கட்டும் தீவுக்குக் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. தம்பிக்கு இன்னமும் கருங்கல் மீது ஒரு கண் இருக்கிறது.

தச்சர் ஒரு வேலை கூடுதலாகச் செய்தார். மேசையின் ஒரு மூலையில் பள்ளம் கடைந்து, அரிவாள்மணையின் பலகை அசையாமல் உட்காரும்படி இரண்டு திருகாணிகள் வைத்தார். யாரும் சொல்லாமல் அவராகவே செய்தது. சுவாயே பார்த்திருந்தால் கைகுலுக்கியிருப்பார். சென்ற வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அந்த மூலையில் முக்காலி போட்டு அமர்ந்து, கூடத்தைப் பார்த்தபடி வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மேசையின் எதிர்ப்பக்கத்தைக் காட்டி, "வந்தவங்க சும்மா நிக்காதீங்க, அந்த வெங்காயத்தை உரிங்க," என்றார்.